வயசான நாட்டுப்புறக் கலைஞர்களையும் ராக் கலைஞர்களையும் ஒரே மேடையில ஏத்துறது எப்படி? முழுமையான வழிகாட்டி

70 வயசு பறை வாத்தியார் ஒருத்தர், 68 வயசு கிட்டார் அங்கிள் ஒருத்தர், தெம்மாங்கு பாடுற பாட்டிம்மா ஒருத்தங்க, இவங்க எல்லாரையும் சேர்த்து சென்னையில ஒரு மேடை போடணும்னு ஆசைப்படுறவங்க இப்போ நிறைய பேர் இருக்காங்க. நான் இந்த மாதிரி மேடைகளுக்கு சவுண்டும் ஒருங்கிணைப்பும் பார்க்குறேன். புதுசா வர்றவங்க பெரும்பாலும் ஒரே இடத்துல தான் சறுக்குறாங்க, முதல்ல ஹால் புக் பண்றாங்க, அடுத்து போஸ்டர் அடிக்கிறாங்க, அப்புறம் தான் யாரு என்ன வாசிப்பாங்கன்னு யோசிக்கிறாங்க.

சரியான வரிசை இது: ஆளு, சம்பளம், உடம்பு, சுருதி, தாளம், பாட்டு வரிசை, மேடை, மைக். ஒண்ணை விட்டுட்டு அடுத்ததுக்குத் தாவினீங்கன்னா விட்டது எப்படியும் நிகழ்ச்சி அன்னிக்கு சாயங்காலம் வந்து நிக்கும்.

1. ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி என்னென்ன வேணும்

குறைஞ்சது 8 வாரம் வேணும். இளவட்ட பேண்டுக்கு 3 வாரம் போதும், அவங்க ஒரே நாள்ல 6 மணி நேரம் உக்காந்து வாசிப்பாங்க. இவங்களால அது முடியாது, அதனால அதே வேலையை சின்னச் சின்னதா பிரிச்சுப் போடணும்.

ரெண்டு பெரியவங்களுக்கு ஒரு கூட இருக்குற ஆள் வேணும். மாத்திரை, தண்ணி, பாத்ரூம், ஆட்டோ, இது மட்டும் தான் அவங்க வேலை. இந்த வேலையை "நானே பார்த்துக்குறேன்"னு சொல்ற ஒருங்கிணைப்பாளர் அன்னிக்கு கேட்டுல பாஸ் கொடுத்துட்டு நிப்பாரு, நான் பார்த்திருக்கேன்.

பொருள்னு பார்த்தா: ரெக்கார்ட் பண்ண ஒரு போன், ட்யூனர் ஆப், ரெண்டு கேப்போ (கிட்டார் கழுத்துல மாட்டி சுருதியை ஏத்துற கிளிப்பு), ஸ்பேர் கம்பி, தரையில ஒயரை ஒட்ட டேப்பு, ஒரு நோட்டு. நோட்டை விட்றாதீங்க, கட்டை (பாடுற சுருதியோட அளவு), பாட்டோட வேகம், மாத்திரை போடுற நேரம் எல்லாம் அதுல தான் போகும்.

2. ஸ்டுடியோவுக்கு கூப்பிடாதீங்க, அவங்க வீட்டுக்குப் போங்க

முதல் சந்திப்பு ஒவ்வொருத்தர் வீட்டுலயும் தனித்தனியா நடக்கணும். காரணம் என்னன்னா, கண்ணாடி ரூம்ல புது முகங்களுக்கு முன்னாடி பாடச் சொன்னா பெரியவங்க தன்னோட நல்ல பாட்டை எடுக்கவே மாட்டாங்க, எல்லாருக்கும் தெரிஞ்ச ஏதாவது ஒண்ணைப் பாடி முடிச்சிடுவாங்க. வீட்டு வாசல்ல டீ குடிச்சிட்டு பேசும்போது தான் "எங்க அத்தை ஒண்ணு நாத்து நடும்போது பாடும்"னு ஆரம்பிப்பாங்க, நீங்க தேடி வந்தது அது தான்.

பறை கலைஞர்கிட்ட பேசும்போது ஒரு விஷயத்துல ரொம்ப கவனமா இருங்க. பறை பல ஊர்ல சாதியோட பேரால சாவு வீட்டு வேலையா திணிக்கப்பட்டது, இன்னிக்கு இருக்குற பல வாத்தியாருங்க அதுல இருந்து போராடி வெளிய வந்து மேடைக்கலையா ஆக்குனவங்க. அவங்ககிட்ட போய் "அந்த சாவு அடி ஒண்ணு போடுங்களேன், செம கிக்கா இருக்கும்"னு ஒரு பேஸ் கிட்டார் தம்பி என் கண்ணு முன்னாடியே கேட்டான். வாத்தியார் குச்சியை கீழ வெச்சிட்டாரு. அன்னிக்கு மேல பேச்சு நகரல. எந்த அடி மேடைக்கு வரணும்னு அவரு தான் சொல்லணும். "உங்களுக்கு எது வாசிக்கப் பிடிக்கும் ஆசானே"ன்னு மட்டும் கேளுங்க, சாமிச்சாட்டு அடியா, சப்பரத்தடியா, ஒத்தையடியா, அவரே வரிசையா வாசிச்சுக் காட்டுவாரு.

பெரம்பூர், வேப்பேரி, பரங்கிமலைப் பக்கம் இருக்குற பழைய ஆங்கிலோ-இந்திய பேண்டு அங்கிள்களுக்கும் இதே மரியாதை தான். ரயில்வே இன்ஸ்டிட்யூட் டான்ஸ், கல்யாண ரிசப்ஷன்னு 40 வருஷம் வாசிச்ச கை. அவங்களுக்கு பயம் வேற மாதிரி, "எனக்கு தமிழ் பாட்டு சரியா வராதே தம்பி"ன்னு தயங்குவாங்க. சொல்லு தெரியலைன்னாலும் பாட்டோட ஏத்த இறக்கம் அவங்க காதுக்கு அரை மணி நேரத்துல பிடிபட்டுடும்னு எடுத்துச் சொல்லுங்க, பொய் இல்ல, நடந்திருக்கு.

3. சம்பளமும் பேரும் ஒத்திகைக்கு முன்னாடியே முடிவாகணும்

இங்க நடக்குற தப்பு ஒண்ணு தான், ஆனா பெரிய தப்பு. கிட்டாருக்கு ஒரு ஆளுக்கு இவ்வளவுன்னு பேசுவாங்க, நாட்டுப்புறக் குழுவுக்கு மட்டும் "மொத்தமா ஒரு அமௌண்ட் வாங்கிக்குங்க"ன்னு சொல்லுவாங்க. அஞ்சு பேரு பிரிச்சா ஒருத்தருக்கு கிட்டாரிஸ்ட்டோட கால்வாசி கூட தேறாது. ஒரே மேடை, ஒரே நேரம், அனுபவமும் ஒரே அளவு, அப்போ ஆளுக்கு ஒரே தொகை. இதை எழுதி ரெண்டு பக்கத்துக்கும் ஒரே தாளைக் காட்டுங்க. போக்குவரத்துக் காசும் முன்பணமும் தனி, அது சம்பளத்துல கழியாது.

போஸ்டர்ல பேரு எல்லாருக்கும் ஒரே எழுத்து அளவு. "மற்றும் கிராமியக் கலைஞர்கள்"னு போடவே கூடாது, அவங்களுக்கும் பேரு இருக்கு.

அடுத்தது பாட்டு யாரோடதுன்னு கேளுங்க. வழிவழியா வர்ற பாட்டு வேற, அந்த அம்மாவே கட்டுன பாட்டு வேற. பாட்டிம்மா சொந்தமா கட்டுனதை "பாரம்பரியப் பாடல்"னு போட்டு வீடியோ ஏத்திட்டா அப்புறம் அது அவங்க பாட்டுன்னு உரிமை கேக்குறது கஷ்டம். நம்ம நாட்டு சட்டப்படி பாட்டு எழுதினவங்களுக்கு அவங்க காலத்துக்கு அப்புறமும் 60 வருஷம் உரிமை இருக்கு, பிள்ளைங்களுக்குப் போகும். அதனால கேட்டு, எழுதி, அவங்க பேரைப் போடுங்க. வீடியோ எடுக்கலாமா, எங்க போடலாம்னும் அப்பவே கேட்டு எழுதிக்குங்க. படிக்கத் தெரியாதவங்களுக்கு அவங்க வீட்டு ஆளை வெச்சு சத்தமா வாசிச்சுக் காட்டிட்டு தான் கையெழுத்து வாங்கணும்.

4. உடம்புக்கு ஏத்த டைம்டேபிள்

ஒத்திகை ஒரு தடவைக்கு 90 நிமிஷம், நடுவுல 15 நிமிஷம் ஓய்வு. காலையில 10 மணி நல்ல நேரம், டிபன் சாப்பிட்டு மாத்திரை போட்டு தொண்டை திறந்திருக்கும். மத்தியானம் ரெண்டு மணிக்கு வைக்காதீங்க, சென்னை வெயில்ல பஸ் மாறி வந்தவங்களுக்கு பாட ஜீவன் இருக்காது.

தென் மாவட்டத்துல இருந்து வர்றவங்களுக்கு ஒரு விஷயம். 2023 டிசம்பர் கடைசியில கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறந்ததுக்கப்புறம் அந்தப் பக்க பஸ் அங்க தான் வரும், பழைய பழக்கத்துல நீங்க கோயம்பேட்டுல நின்னுட்டு இருக்காதீங்க. பெரியவர் விடியக்காலை நாலு மணிக்கு வண்டலூர் பக்கம் பறையும் பையுமா இறங்கி நிப்பாரு. ரயில்னா 60 வயசுக்கு மேல உள்ள ஆம்பளைங்களுக்கும் 45க்கு மேல உள்ள பொம்பளைங்களுக்கும் கீழ் பெர்த் ஒதுக்கீடு இருக்கு, அதுல போடுங்க. டிக்கெட் சலுகை இருக்கும்னு நம்பி பட்ஜெட் போடாதீங்க, முதியோர் கட்டணச் சலுகையை 2020 மார்ச்ல நிறுத்திட்டாங்க.

நிகழ்ச்சிக்கு ஒரு நாள் முன்னாடியே வரவழைங்க. ராத்திரி பூரா உக்காந்து வந்த ஆளால சாயங்காலம் பறையைத் தோள்ல மாட்டிட்டு ஆட முடியாது.

5. சுருதி: இங்க அவசரப்படாதீங்க

பாதி நிகழ்ச்சி கெடுறது இங்க தான்.

பாடுறவங்க 30 வருஷம் முன்னாடி கேசட்ல பாடின சுருதியை எடுத்துக்காதீங்க. வயசாக ஆக குரலோட எல்லை சுருங்கும், பொம்பளைங்களுக்கு பெரும்பாலும் கீழ இறங்கும். இப்போ என்ன குரலோ அது தான் கணக்கு. எப்படி கண்டுபிடிக்கிறதுன்னா, வீட்டுல வாத்தியம் எதுவும் இல்லாம பாடச் சொல்லி போன்ல எடுங்க. ரெண்டாவது பாட்டு பாடும்போது குரல் சூடாகி இருக்கும், அதுல இருந்து ஆதார சுருதியை, அதாவது பாட்டு வந்து நிக்கிற "ஸ"வை, எடுங்க. இன்னொரு நாள் சாயங்காலம் இதே மாதிரி ஒண்ணு எடுங்க, ஏன்னா நிகழ்ச்சி சாயங்காலம் தான். ரெண்டும் அரைக்கட்டை வித்தியாசம் வந்தா சாயங்காலம் வந்ததை வெச்சுக்குங்க.

இப்போ மொழிப் பிரச்சனை. நாட்டுப்புறப் பக்கம் "நாலு கட்டை"ன்னு சொல்லுவாங்க, ராக் பக்கம் "எஃப்"னு சொல்லுவாங்க, ரெண்டும் ஒண்ணு தான்னு ரெண்டு பேருக்கும் தெரியாது. ஒரு அட்டையில எழுதி ஒத்திகை ரூம்ல ஒட்டுங்க: ஒரு கட்டை சி, ஒன்றரை சி ஷார்ப், ரெண்டு டி, ரெண்டரை டி ஷார்ப், மூணு ஈ, நாலு எஃப், நாலரை எஃப் ஷார்ப், அஞ்சு ஜி, அஞ்சரை ஜி ஷார்ப், ஆறு ஏ, ஆறரை ஏ ஷார்ப், ஏழு பி.

பாட்டிம்மாவுக்கு நாலு கட்டைன்னு வெச்சுக்குவோம். கிட்டார்ல எஃப் பிடிக்கிறது மூட்டு வலி இருக்குற விரலுக்கு கொடுமை, ஒரே விரலால எல்லாக் கம்பியையும் அமுக்குற அந்த பார் கார்டு தான் முதல்ல வலிக்கும். கேப்போவை முதல் ஃப்ரெட்ல (கிட்டார் கழுத்துல உள்ள கட்டம்) போட்டு ஈ வடிவம் பிடிக்கட்டும், இல்லைன்னா மூணாவது ஃப்ரெட்ல போட்டு டி வடிவம். கம்பியும் மெல்லிசா மாத்தச் சொல்லுங்க, எலக்ட்ரிக்ல பத்தாம் நம்பர் போடுறவரு ஒன்பதாம் நம்பருக்கு வரட்டும். கௌரவம் பார்க்குறவங்க கிட்ட "மூணாவது பாட்டுல கை பிடிச்சுக்காம இருக்கும் அங்கிள்"னு காரணத்தோட சொன்னா கேட்டுக்குவாங்க.

நாயனம் இருந்தா கதை மாறும். பாரி நாயனம் (நீளமான நாகசுரம்) சுமாரா ரெண்டு, ரெண்டரை கட்டையில நிக்கும், அது குழல், நம்ம இஷ்டத்துக்கு இழுக்க முடியாது. சீவாளி (வாயில வெச்சு ஊதுற முனை) மாத்தி ஊதி கொஞ்சம் சரிக்கட்டலாம், அவ்வளவு தான். அதனால நாயனம் சூடாகி ஊதினதுக்கு அப்புறம் அதைக் கேட்டு கிட்டாரும் கீபோர்டும் இறங்கணும். கீபோர்டுல மாஸ்டர் ட்யூனிங்னு ஒண்ணு இருக்கு, அதுல வழக்கமான 440 ஹெர்ட்ஸ் அளவை கொஞ்சம் ஏத்தி இறக்கலாம். நாயனக்காரரை "ட்யூனர்ல காட்டுங்க"ன்னு கேட்டு அலைக்கழிச்ச ஒரு ஒத்திகை எனக்குத் தெரியும். ரெண்டு மணி நேரம் வீணாப் போச்சு, கடைசியில கிட்டாரைத் தான் இறக்கினோம்.

இன்னொண்ணு, கிட்டார்ல முழு மேஜர், மைனர் கார்டு அடிச்சு நிரப்பாதீங்க. தெம்மாங்கு பாடுறவங்க காந்தாரத்தை ("க" சுரம்) ஒரு இடத்துல நிறுத்த மாட்டாங்க, வழுக்கிட்டே போவாங்க. கிட்டார் ஒரு காந்தாரத்தை ஆணி அடிச்ச மாதிரி வெச்சா குரல் தப்பா பாடுற மாதிரி கேக்கும், தப்பு குரல்ல இல்ல. சட்ஜம், பஞ்சமம் ("ஸ", "ப") மட்டும் பிடிச்சா போதும். ராக் ஆளுங்களுக்கு அது பவர் கார்டு, கையில ஏற்கனவே இருக்கு.

6. தாளம்: க்ளிக் ட்ராக்கை வீட்டுலயே விட்டுட்டு வாங்க

பறையோட வேகம் ஏறும். அது தப்பில்ல, அந்த ஆட்டத்தோட இயல்பே அது தான். டிரம்மர் காதுல க்ளிக் (ஒரே வேகத்துல டிக் டிக்னு ஓடுற சத்தம்) போட்டு வாசிச்சா ரெண்டாவது நிமிஷத்துல பறை முன்னாடி போயிடும், டிரம்மர் பின்னாடி நிப்பாரு, நடுவுல பாடுறவங்க தவிப்பாங்க.

யாரு யாரைத் தொடருவாங்கன்னு முதல்லயே முடிவு பண்ணுங்க. என் கருத்து தெளிவு, பறை முன்னாடி போகட்டும், டிரம்ஸ் பின்னாடி வரட்டும். பறை முதல்ல தனியா ரெண்டு ஆவர்த்தம் (தாளத்தோட முழுச் சுத்து) அடிக்கட்டும், டிரம்மர் அதைக் கேட்டுட்டு மூணாவதுல உள்ள வரட்டும். "ஒன் டூ த்ரீ ஃபோர்" எண்ணி ஆரம்பிச்சா பல பாட்டுக்கு ஒத்தே வராது, தெம்மாங்குல பாதிக்கு மேல "தகிட தகிட"ன்னு மூணு மூணா நடக்கும். அதுல நாலு நாலா ராக் பீட்டு வெச்சா பாட்டு நொண்டும். டிரம்மர் முதல் ஒத்திகைக்கு குச்சி இல்லாம வரட்டும், தொடையில தட்டிட்டு பாட்டு எந்த இடத்துல எடுக்குதுன்னு கேக்கட்டும். பல பாட்டு தட்டு விழுந்து அரை இடம் தள்ளி தான் ஆரம்பிக்கும்.

பாட்டோட நீளமும் இதே மாதிரி தான். பாட்டிம்மா கூட்டம் கை தட்டினா ஒரு அடியைத் திரும்பப் பாடுவாங்க, இல்ல புதுசா ரெண்டு வரி கட்டுவாங்க. "எட்டு தாளச் சுத்துக்கு அப்புறம் சோலோ (தனி வாசிப்பு)"ன்னு எழுதி வெச்சா யாருக்கும் உதவாது. அதுக்கு பதிலா ஜாடை வெச்சுக்குங்க: பாடுறவங்க கையைத் தூக்கினா கிட்டார் சோலோ, வாத்தியார் குச்சியை தலைக்கு மேல தூக்கினா முடிப்பு. இந்த ஜாடையை மட்டும் ஒரு முழு ஒத்திகை பழகுங்க.

7. பாட்டு வரிசை

மொத்தம் 60 நிமிஷத்துக்கு மேல போகாதீங்க.

எல்லாரும் எல்லாப் பாட்டுலயும் இருக்கணும்னு நினைக்கிறது புதுசா செய்யுறவங்களோட ஆசை. அப்படி வெச்சா யாருக்கும் மூச்சு விட நேரம் இருக்காது, காதுக்கும் எல்லாம் ஒரே இரைச்சலா போகும். முதல்ல அவங்கவங்க தனியா ஒண்ணு, அப்புறம் ரெண்டு ரெண்டு பேரா, கடைசி ரெண்டு பாட்டு மட்டும் எல்லாரும் சேர்ந்து. பறை ஆட்டத்தோட வர்ற பாட்டு ரெண்டு அடுத்தடுத்து வேண்டாம், நடுவுல கிட்டாரும் குரலும் மட்டும் உள்ள ஒரு மெதுவான பாட்டு வைங்க, ஒப்பாரி ராகத்துல ஒண்ணு வந்தா இன்னும் நல்லது, வாத்தியார் உக்காந்து தண்ணி குடிக்கலாம்.

8. மேடை

ஹால் பார்க்கப் போகும்போது சவுண்டுக்கு முன்னாடி படிக்கட்டைப் பாருங்க. பக்கத்துல பிடிக்க கம்பி இருக்கா, கிரீன் ரூம்ல இருந்து பாத்ரூம் எத்தனை அடி, உக்காருற டாய்லெட் இருக்கா. இது மூணும் சரியில்லைன்னா எவ்வளவு நல்ல ஹாலா இருந்தாலும் வேண்டாம்.

நாற்காலி எல்லாருக்கும் போடுங்க, கிட்டாருக்கு மட்டும் கைப்பிடி இல்லாத நாற்காலி, இல்லைன்னா கிட்டார் இடிக்கும். உக்காந்து பாடினா மரியாதை குறையும்னு சிலர் நினைப்பாங்க. கனடா பாடகி ஜோனி மிட்செல் 2022 ஜூலையில அமெரிக்காவுல நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழாவுல பாடும்போது அவங்களுக்கு 78 வயசு, 2015ல மூளையில ரத்தக்குழாய் பாதிப்பு வந்து கிட்டாரைத் திரும்ப முதல்ல இருந்து கத்துக்கிட்டவங்க. நாற்காலியில உக்காந்து, இறங்கின குரல்ல, சுத்தி இளம் கலைஞர்களை வெச்சுக்கிட்டு பாடினாங்க. இதைச் சொன்னா ராக் அங்கிள்கள் உடனே உக்காருவாங்க.

பறையை யாரோட காதுக்கும் நேர் பின்னாடி நிறுத்தாதீங்க. 100 டெசிபல் சத்தத்துல 15 நிமிஷம் தான் காதுக்கு பாதுகாப்பான அளவு, பழைய ராக் ஆளுங்கள்ல நிறைய பேருக்கு ஏற்கனவே காதுல இரைச்சல் இருக்கும். எட்டடி தள்ளி, கொஞ்சம் முன்னாடி நிறுத்துங்க, டிரம்மருக்கு வாத்தியாரோட வலது கை தெரியணும்.

லைட்டு நேரா கண்ணுல அடிக்கக் கூடாது, கண்புரை ஆபரேஷன் ஆனவங்களுக்கு ரொம்ப கூசும்.

9. மைக்கும் மானிட்டரும்

சவுண்ட் செக்ல நாட்டுப்புறக் கலைஞர்களை முதல்ல எடுங்க. வழக்கமா டிரம்ஸ்ல ஆரம்பிச்சு அதுலயே ஒரு மணி நேரம் போயிடும், கடைசியில "பறை சும்மாவே கேக்கும் சார்"னு விட்டுடுவாங்க. கேக்கும், ஆனா டொம் டொம்னு மட்டும் தான் கேக்கும், சுண்டுகுச்சியோட நறுக்கு மேல வராது. பின்னாடி திறந்த பக்கம் ஒரு மைக், முன்னாடி தோலுக்கு ஒரு மைக், எஸ்எம் 57 மாதிரி சாதாரண மைக் போதும். ஆடிட்டே அடிக்கிறவருன்னா பறை சட்டத்துல மாட்டுற சின்ன மைக் தான் சரி, அவரை ஒரே இடத்துல நில்லுங்கன்னு சொல்றது அநியாயம்.

மானிட்டர்ல (மேடையில இருக்குறவங்க கேக்குறதுக்கான ஸ்பீக்கர்) பெரியவர் "கேக்கலப்பா"ன்னா உடனே சத்தத்தை ஏத்தாதீங்க. வயசானா முதல்ல போறது மேல்ஸ்தாயி சத்தம், அதனால சொல்லு புரியாது, சத்தம் வரும். மிக்ஸர்ல கீழ் நடு சத்தத்தை (லோ-மிட்) குறைச்சிட்டு குரலோட தெளிவை மட்டும் ஏத்துங்க, ஸ்பீக்கரை ஒரு அடி கிட்ட நகர்த்துங்க. காதுக்கருவி போட்டவங்க கிட்ட மியூசிக் மோடு இருக்கான்னு கேளுங்க, இல்லைன்னா பாட்டுச் சத்தத்தை அதுவே குழப்பிடும்.

10. நிகழ்ச்சி அன்னிக்கு

திறந்தவெளின்னா ஒலிபெருக்கிக்கு போலீஸ் அனுமதி முன்னாடியே வாங்கியிருக்கணும், ராத்திரி 10 மணிக்கு எப்படியும் நிறுத்தணும். ஆறரைக்கு ஆரம்பிச்சு எட்டுக்குள்ள முடிக்கப் பாருங்க. சர்க்கரை உள்ளவங்க நேரத்துக்கு சாப்பிடணும், அதனால மேடைக்கு முன்னாடி நாலு இட்லி, சர்க்கரை திடீர்னு இறங்கினா கொடுக்க பக்கத்துல கொஞ்சம் மிட்டாய். சாப்பாடு எல்லாருக்கும் ஒரே பந்தி, ஒரே சாப்பாடு.

தோல் பறைன்னா தோல் இறுகுறதுக்கு தீயில காய்ச்ச இடம் வேணும். ஹாலுக்குள்ள தீ வைக்க விட மாட்டாங்க, வெளிய எங்க காய்ச்சலாம்னு மேனேஜர்கிட்ட முதல் நாளே கேட்டு, பக்கத்துல ஒரு வாளி தண்ணியும் ஒரு ஆளையும் வைங்க. பெசன்ட் நகர் மாதிரி கடல் காத்து அடிக்கிற இடத்துல தோல் சீக்கிரம் தொய்ஞ்சிடும், மழைக்காலத்துல இன்னும் மோசம், ரெண்டாவது பறை ஒண்ணு காய்ச்சி தயாரா இருக்கட்டும். ஃபைபர் பறை வெச்சுக்கலாமேன்னு சிலர் கேப்பாங்க, வாத்தியார் சம்மதிச்சா மட்டும். சத்தம் வேற, அவருக்கு அது கையில ஒட்டாமலும் போகலாம்.

சம்பளத்தை அன்னிக்கே, அவங்க வண்டி ஏறுறதுக்கு முன்னாடி கையில கொடுங்க. செக் எழுதி "அடுத்த வாரம் போடுங்க"ன்னு சொல்லாதீங்க, மதுரைப் பக்கம் இருந்து வந்தவர் அதுக்காக திரும்பவா வருவாரு.

11. அடுத்த நாள்

காலையில பத்து மணி போல எல்லாருக்கும் போன் போடுங்க. "எப்படி இருந்துச்சு"ன்னு கேக்காதீங்க, எல்லாரும் நல்லா இருந்துச்சுன்னு தான் சொல்லுவாங்க. "எந்தப் பாட்டுல மூச்சு வாங்குச்சு, எங்க கை வலிச்சுது, எந்த இடத்துல மத்தவங்க சத்தம் கேக்கல"ன்னு கேளுங்க. போன தடவை பாட்டிம்மா "மூணாவது பாட்டு கொஞ்சம் மேல போயிடுச்சுப்பா, அடிக்குரல்ல பாடினா இன்னும் நல்லா அழுவேன்"னு சொன்னாங்க. நோட்டுல நாலு கட்டையை அடிச்சிட்டு மூணுன்னு எழுதிட்டேன், கிட்டார் அங்கிளுக்கு போன் போட்டு இனிமே அந்தப் பாட்டுக்கு கேப்போ வேண்டாம்னு சொல்லியாச்சு.